குமாஸ்தாவின் மேஜை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மின்விசிறியைப் போடச் சொன்னேன். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு அது சுற்றியது.

"தாமதத்திற்கு மன்னிக்கவும் ஐயா," என்றது குமாஸ்தா. "கோப்பு மேலே வர நேரமாகிவிட்டது."

குமாஸ்தா எங்கள் வீட்டுக் கணினி. சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். டிபன் பாக்ஸ் அளவு. விளக்கு, விசிறி, கதவு, கேஸ் அடுப்பு, மளிகைப் பட்டியல் எல்லாம் அதன் பொறுப்பு. இப்போது எல்லா வீடுகளிலும் இப்படி ஒன்று இருக்கிறது. மற்ற வீடுகளில் அது சிநேகிதி போலப் பேசும். எங்கள் வீட்டில் தாலுகா ஆபீஸ் போலப் பேசும். ஆதிரை அப்படி வைத்தாள். பெயரும் அவள் வைத்ததுதான்.

ஆதிரை என் மனைவி. மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டாள். இதை எழுதுவதில் சிரமம் இல்லை.

வியாழக்கிழமை மாலை கதவு திறக்க நாற்பது நிமிடம் ஆனது. படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரர் கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காலை அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் திரும்பியபோது எரிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தின் அடி கழன்று விழுந்திருந்தது. நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை ஆகலாம்.

புதுப் பெட்டி வாங்க வசதியில்லை. குடிநீர் வாரியத்தில் மீட்டர் எண்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஏற்கெனவே போன மாதம், இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நானே கூடுதல் சேமிப்புக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பெட்டிக்குள் மாட்டியிருந்தேன். எந்த மாற்றமும் இல்லை. சனிக்கிழமை காலை குமாஸ்தாவைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

ஃபரிதா அக்காவின் கடை ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. பழைய கணினிச் சாமான்களை வாங்கி, துடைத்து, சோதித்து விற்கிறார். கடையில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டும்.

அவர் மூடியைத் திறந்தார்.

"இன்னா தம்பி, உள்ள பல்லி முட்டை போட்ருக்கு."

"அதனாலதான் ஸ்லோவா இருக்கா அக்கா?"

"பல்லி அதுபாட்டுக்கு இருக்கும். இது இன்னா, புது எஸ்எஸ்டி?"

"போன மாசம் போட்டேன். இடம் பத்தலன்னு நினைச்சேன்."

"யாரு சொன்னா?"

"ஒரு வீடியோல சொன்னாங்க."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "தம்பி, எஸ்எஸ்டின்றது பீரோ. ரேம்ன்றது மேஜை. உங்க குமாஸ்தா பீரோலேர்ந்து ஃபைல எடுத்து மேஜைல வெச்சுதான் வேல பாக்கும். மேஜைல குண்டூசி வெக்க எடமில்ல. நீங்க இன்னா பண்ணிருக்கீங்க? ரெண்டாவது பீரோ வாங்கிக் குடுத்திருக்கீங்க."

"அப்ப ரேம் போட்டுடுங்க."

"இருங்க. மேஜைல இன்னா குமிஞ்சு கெடக்குன்னு மொதல்ல பாப்போம். குப்பையா இருந்தா தள்ளிட்டுப் போலாம். காசு மிச்சம்."

பெட்டியைத் தன் திரையோடு இணைத்தார். ஒரு பட்டியல் வந்தது. தலைப்பு: வருகை எதிர்பார்க்கப்படுவோர். நாற்பத்தொரு பெயர்கள்.

"யாருப்பா இவங்கள்லாம்?" என்று பெட்டியிடம் கேட்டார்.

"இவர்கள் அனைவரும் வருவதாகச் சொல்லிவிட்டுச் சென்றவர்கள் அம்மா," என்றது குமாஸ்தா. "காத்திருக்கிறேன்."

ஃபரிதா அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மறுபடி இதே கேசு. வாரத்துக்கு நாலு வருது தம்பி. வீட்ல நாம வாயால சொல்றத இது வேலையா எடுத்துக்கும். பால் வாங்கணும்னு சொன்னா லிஸ்ட்ல ஏத்தும். வரேன்னு சொன்னா, அந்த ஆளு வர்ற வரிக்கும் காத்திருக்கும். எந்த பஸ்ல வருவாரு, மழையில மாட்டுவாரா, லைட்டு போடணுமா, வெந்நி வெக்கணுமா, எல்லாம் கணக்கு போடும். செஞ்சவன் வேற தேசத்துக்காரன். அவன் ஊர்ல போறவன் போறேன்னு சொல்லிட்டுப் போயிடுவான். நம்ம ஊர்ல எவன் போறேன்னு சொல்றான்? எல்லாம் வரேன்தான்."

"அழிச்சிடுங்க."

"நான் கை வெக்கக் கூடாது. இந்த லிஸ்ட்ல இருந்தா கதவு உடனே தொறக்கும். எவனோ ஒரு கடக்காரன் இதுல வெளையாடி, வீட்டுக்காரனையே ராத்திரி பூரா தெருவுல நிக்க வெச்சுட்டான். அப்பறம் சட்டம் போட்டாங்க. வீட்டு ஆளு வாயத் தொறந்து சொல்லணும், இன்னார் வரமாட்டார்னு. சொல்லுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கச் சொல்றேன்."

குமாஸ்தா தொண்டையைச் செருமியது. அதற்குத் தொண்டை கிடையாது. ஆதிரை கற்றுக்கொடுத்தது.

"இன்சூரன்ஸ் முகவர். பதினான்கு மாதங்கள்."

"வரமாட்டார்."

"நீக்கப்பட்டது. நன்றி. கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிப்பவர். இரண்டு முறை வரேன் என்றார். இருவராகப் பதிவு செய்துள்ளேன்."

"ரெண்டு பேருமே வரமாட்டாங்க."

"நீக்கப்பட்டது. நன்றி. வாக்குக் கேட்டு வந்தவர். ஜெயித்ததும் முதல் வேலையாக இங்கே வருவதாகச் சொன்னார்."

ஃபரிதா அக்கா சிரித்ததில் மேஜை ஆடியது. "ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சார். வரமாட்டார்."

"நீக்கப்பட்டது. நன்றி. பிளம்பர் ஏழுமலை. சமையலறைக் குழாய் சொட்டுவது தொடர்பாக. நாளைக்கு வரேன் என்றார். அந்த நாளை கடந்து மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது."

"அந்தாளு வரவே மாட்டார்."

இப்படியே போனது. சோபா தைப்பவர், பழைய பேப்பர்காரர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போன ஒரு தம்பதி. எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. நாற்பது பெயர்கள் போய்விட்டன.

ஃபரிதா அக்கா திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "நாப்பது பேர தள்ளியும் மேஜை காலியாவல. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு இன்னும் நெரம்பித்தான் இருக்கு. ஒரே ஆளா?"

"கடைசிப் பெயர்," என்றது குமாஸ்தா. "ஆதிரை அம்மா. காலை ஏழு நாற்பத்திரண்டு. 'கவின், வரேன். பால் பாக்கெட்ட ஃப்ரிட்ஜ்ல வெச்சிடு' என்று ஐயாவிடம் சொன்னார்கள்."

கீழே யாரோ ஒருவர் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒன், டூ, ஒன், டூ.

"ஐயா?" என்றது குமாஸ்தா.

"ஒய்ஃபா தம்பி? ஊருக்குப் போயிருக்காங்களா?"

நான் மஞ்சள் பையை மடித்தேன். அவர் திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஸ்பீக்கர்காரர் த்ரீ வரை போகவே இல்லை.

"ரேஷன் கார்டுல பேர எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு அக்கா."

"பேங்க்ல?"

"எடுத்தாச்சு."

"எல்லா எடத்துலயும் சொல்லிட்டு வீட்ல சொல்லாம வுட்டீங்க."

அது உண்மைதான். அன்று அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனையிலிருந்து நேராக அவள் ஊருக்குக் கொண்டுபோனோம். எல்லாம் அங்கேயே நடந்தது. நான் பதினெட்டாவது நாள் திரும்பி வந்தேன். சாவிகூடத் தேவைப்படவில்லை. குமாஸ்தா கதவைத் திறந்தது. நான் உள்ளே போய்ப் படுத்தேன். இந்தப் பெட்டிகள் வெளியிலிருந்து பஸ் நேரம், வானிலை எல்லாம் எடுக்கும். ஆட்களைப் பற்றிய தகவல் எதையும் எடுக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான். வீட்டில் யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

ஃபரிதா அக்கா பெட்டியின் பக்கம் குனிந்தார். அதட்டுவது போல ஆரம்பித்தார். "ஏம்ப்பா, ஒருத்தருக்காகக் காத்திருக்க இவ்ளோ எடமா?"

"முதல் நாள் ஒரே ஒரு பேருந்துதான் அம்மா. மறுநாள் எல்லாப் பேருந்துகளும். ஒரு வாரத்தில் ரயில்கள். இப்போது அந்தமான் கப்பல் வரை பார்க்கிறேன். ஒவ்வொரு வழிக்கும் மழை, பசி, வெந்நீரின் சூடு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட வேண்டியிருக்கிறது. நாள் கூடக் கூட வழிகள் கூடுகின்றன."

"வீட்டுக்கு வந்தவங்க யாரும் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னார்கள். ஐயாவின் பெரியம்மா, 'ஆதிரை இப்படித் தவறிட்டாளே' என்றார். பேருந்தைத் தவறவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, அடுத்த பேருந்தைப் பார்த்தேன். சித்தப்பா, 'காலமாயிட்டா' என்றார். நேரமாகிவிட்டது என்று பொருள். வெந்நீரை மட்டும் அணைத்தேன்."

ஃபரிதா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய பிறகும் தோள் குலுங்கியது. "மன்னிச்சிருங்க தம்பி," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆதிரை இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள்.

"இன்னொண்ணு பாத்தீங்களா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாப்பத்தொரு பேரு இருந்தாங்க. உங்க பேரு இல்ல."

"ஐயா வெளியே போகும்போது எதுவும் சொல்வதில்லை," என்றது குமாஸ்தா. "எனவே அவரை எதிர்பார்ப்பதில்லை. திரும்பி வந்தால், புதியவராகப் பாவித்து முகத்தைச் சரிபார்க்கிறேன்."

படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டதற்குக் காரணம் தெரிந்தது.

"ஒரே ஒரு வார்த்தை," என்றார் ஃபரிதா அக்கா. "நாப்பது பேருக்குச் சொன்னீங்கல்ல, அதேதான். சொன்னா பெட்டி ரயில் மாதிரி ஓடும். எனக்கும் ஒண்ணும் தர வேணாம்."

நான் வாயைத் திறந்தேன். ஒன், டூ என்றார் கீழே இருந்தவர்.

"ரேம் என்ன விலை அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காத்திருக்கறதுக்கு ரேம் வாங்குறீங்க."

"ஆமா."

"இது வளர்ந்துக்கினே போவும். புதுசா போட்டாலும் ஒரு வருசம் தாங்கும். அப்பறம் கப்பல் அந்தமானத் தாண்டிடும்."

"ஒரு வருஷம் போதும்."

அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து துழாவினார். நீளமான ஒரு ரேம் பட்டையை எடுத்தார். மூடிப்போன ஒரு கோச்சிங் சென்டரில் வாங்கியதாம். அழி ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, பெட்டிக்குள் அழுத்தினார். க்ளிக் என்று உட்கார்ந்தது. பிறகு என் எஸ்எஸ்டியைக் கழற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"பீரோவ நான் எடுத்துக்கறேன். மேஜைய நீங்க எடுத்துக்கங்க. சரியாப் போச்சு."

"தேங்க்ஸ் அக்கா."

"பல்லி முட்டைய எடுத்துட்டேன். மேல மூடி டைட்டா வெய்ங்க."

தலையாட்டிவிட்டு இறங்கினேன். "போறப்ப ஒரு வார்த்த சொல்றதில்ல இந்தப் புள்ள," என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

வீட்டில் குமாஸ்தாவை அலமாரியில் வைத்து இணைத்தேன். 'லைட்' என்பதில் 'லை' சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரிந்தது. விசிறி என்று நினைத்தபோதே சுற்றியது போல இருந்தது.

"மிக்க நன்றி ஐயா. விசாலமாக இருக்கிறது. நீக்கப்பட்ட நாற்பது பேருக்கும் முறைப்படி அறிவிப்பு அனுப்பிவிட்டேன்."

"என்ன அறிவிப்பு?"

"வழக்கமான அறிவிப்புதான் ஐயா," என்றது. மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள்.

"யார் சார் சொன்னது நான் வரமாட்டேன்னு?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பிளம்பர் ஏழுமலை.

"கதவைத் திற," என்றேன்.

"இவர் வராதவர் ஐயா," என்றது குமாஸ்தா. "காலையில் நீங்கள்தான் சொன்னீர்கள்."

"வந்து நிக்கறார் பாரு."

"பதிவின்படி வரவில்லை."

"நான் சொல்றேன். திற."

திறந்தது. ஏழுமலை ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக நின்றார். மூச்சு வாங்கியது.

"இத படிங்க சார். 'தாங்கள் வரமாட்டீர்கள் எனப் பதிவு செய்யப்பட்டது. இதுவரை காத்திருக்க வைத்தமைக்கு நன்றி.' முப்பது வருசமா இதே ஏரியால தொழில் பண்றேன். இப்டி ஒரு பேச்சு கேட்டதில்ல. ஏழுமல வரேன்னா வருவான் சார்."

"நாளைக்குன்னு சொன்னீங்க."

"நாளைக்குன்னா நாளைக்கேவா?"

அவர் சமையலறைக்குப் போனார். குழாயின் கீழ் இருந்த வாளியைக் காலால் நகர்த்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய வாஷரை எடுத்துக் காட்டினார். அப்பளம் போல இருந்தது. சொட்டுவது நின்றது. மூன்று வருடங்களில் முதல் முறையாகச் சமையலறை சத்தமில்லாமல் இருந்தது.

"மேடம் எங்க சார்?" என்றார் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "அவங்கதான் போன் போட்டுத் திட்டுவாங்க. இன்னா திட்டு! கூப்டுங்க, வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கறேன்."

"இல்லை," என்றேன்.

அவர் அலமாரியைப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஸ்பேனரைத் துடைத்த கை நின்றது.

"எப்போ சார்?"

"மூணு வருஷம் ஆச்சு."

அவர் பையை மூடினார். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. அவர் சட்டைப் பையில் வைத்தேன், அதைத் தொடவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கம் ஒரு முறை தலையை அசைத்துவிட்டு, பேசாமல் படியிறங்கிப் போனார்.

கதவு மூடியது.

நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு குமாஸ்தா தொண்டையைச் செருமியது.

"ஐயா, உட்காருங்கள்."

"எதுக்கு?"

"ஒரு செய்தி இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்று என் விதிகளில் இல்லை. உட்கார வைத்துச் சொல்வார்கள் என்று தெரிகிறது."

உட்கார்ந்தேன்.

"ஆதிரை அம்மா வரமாட்டார்கள் ஐயா."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்," என்றது. "தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பீர்கள். பதற்றப்பட வேண்டாம். அந்தமான் கப்பல் உட்பட எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஏழுமலை போகும்போது வரேன் என்று சொல்லவில்லை. வாக்குக் கேட்க வந்தவர்கூடச் சொன்னார். 'எப்போ வருவாங்க' என்றும் ஏழுமலை கேட்கவில்லை. 'எப்போ' என்று மட்டும் கேட்டார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. முன்பெல்லாம் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும். இப்போது மேஜையில் இடம் இருக்கிறது. மூன்று வருடங்களையும் ஒன்றாகப் பரப்பிப் பார்த்தேன்."

"ம்."

"நீங்கள் ஊரிலிருந்து திரும்பிய மாதத்தில் பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் போகும்போது வரேன் என்று சொல்லவில்லை. எழுந்து, பேசாமல் போனார்கள். அம்மாவைப் பற்றிப் பேசியபோதெல்லாம் இறந்த காலத்தில் பேசினார்கள். சிரித்தாள், திட்டினாள், இருந்தாள். ஐயா மட்டும் எந்தக் காலத்திலும் பேசவில்லை."

"ம்."

"அதன்பின் ஐயாவும் தினமும் வரேன் என்று சொல்லாமல்தான் போகிறீர்கள். ஆயிரம் நாட்களுக்கு மேல். துக்க வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள் என்று அனுமானிக்கிறேன். அனுமானம் தவறென்றால் திருத்தவும்."

தவறில்லை. ஆனால் எனக்கே அது இப்போதுதான் தெரியும்.

"பெயரை நான் நீக்க முடியாது," என்றது. "வீட்டு ஆள் சொல்ல வேண்டும். அவசரமில்லை. ஒரு வருடத்துக்கு இடம் இருக்கிறது."

குழாயைப் பார்த்தேன். அது சொட்டவில்லை. சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்காரலாம் என்றால் அதுவும் இல்லை.

"வரமாட்டா," என்றேன்.

குரல் சரியாக வரவில்லை. குமாஸ்தா மறுபடி சொல்லச் சொல்லும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"நீக்கப்பட்டது," என்றது. இந்த முறை நன்றி சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "அறிவிப்பு அனுப்பவில்லை ஐயா. முகவரி தெரியவில்லை," என்றது.

பிறகு நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று குமாஸ்தாவிடம் பதிவு இருக்கும். நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது ஒரு யோசனை சொன்னது. "மேஜையில் நூற்றுக்கு ஆறு பங்குதான் இப்போது உபயோகத்தில் இருக்கிறது. இந்த ரேமைத் திருப்பிக் கொடுத்தால் பீரோ கிடைக்கும்."

"இருக்கட்டும்."

"சிக்கனம் கருதிச் சொன்னேன்."

"இருக்கட்டும்டா."

திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஏழு நாற்பது இருக்கும். கதவு மூட ஆரம்பித்தது. கையை நீட்டி நிறுத்தினேன்.

"வரேன்," என்றேன்.

கதவு அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு ஐயா?"

"ஆறேகால்."

"பதிவு செய்துகொண்டேன்."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. ஏழு மணிக்குத்தான் வந்து சேர்ந்தேன். முழங்கால் வரை நனைந்திருந்தேன். கடைசிப் படியில் கால் வைப்பதற்கு முன்பே கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"தவறிவிட்டீர்களோ என்று நினைத்தேன் ஐயா," என்றது குமாஸ்தா. "அடுத்த பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பஸ்ஸைத்தான்," என்றேன்.